ஏழாவது வாசலில் நின்றவள்

திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடைபெறுகிறது என்பதும், அன்றைக்குப் பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் மனு எழுதிக்கொண்டு நூற்றுக்கணக்கான ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள் என்பதும் நம் ராஜ்யத்தில் எல்லோரும் அறிந்த விஷயம். மனம் வெறுத்துப்போன யாரேனும் மண்ணெண்ணெயைத் தலையில் ஊற்றிக்கொண்டுவிடக் கூடாதே என்ற பயத்தினால், வாசலிலேயே போலீஸார் நின்று ஒவ்வொருவர் பையையும் சோதித்து, தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்த பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். சில மாதங்களுக்கு முன்பு வேறொரு காரியமாக ஒரு ஜில்லாத் தலைநகருக்குப் போயிருந்த எனக்கு, அந்தச் சோதனை வரிசையில் ஒரு பெண்ணுக்குப் பின்னால் நிற்க நேர்ந்தது. முப்பது வயதிருக்கும். கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை; பக்கத்தில் பள்ளிச் சீருடையோடு பத்து வயதுப் பையன். பெண் காவலர் பையை மேஜைமேல் கவிழ்த்தபோது அதிலிருந்து விழுந்தவை அத்தனையும் காகிதங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீதும் அதன் நகல்களும், சர்க்கார் ஆஸ்பத்திரியின் ஓ.பி. சீட்டும், இரு தரப்பாரும் இனிமேல் ஒற்றுமையாக வாழ்வதாக எழுதிக் கையெழுத்திட்ட மகளிர் காவல் நிலையத்துக் காகிதமும், யாரோ பேனாவால் முகவரி எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டும், கோர்ட்டு வாய்தாத் தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறித்திருந்த, பையனுடைய பழைய கணக்கு நோட்டும் அங்கே பரந்து கிடந்தன.

உள்ளே மரத்தடி பெஞ்சில் உட்கார இடம் கிடைத்தபோது, அவள் தான் ஏறி இறங்கிய வாசல்களை விரல் மடக்கி எண்ணினாள். ஊர்ப் போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, மகளிர் காவல் நிலையம், சமூக நல அலுவலகம், சட்ட உதவி மையம், கோர்ட்டு, இது ஏழாவது. அடிபட்டதைப் பற்றி அவள் அதிகம் பேசவில்லை. "ஒவ்வொரு எடத்துலயும் மொதல்லேருந்து சொல்லணும் சார். சொல்லிச் சொல்லி, இது வேற யாரோட கதையோன்னு எனக்கே ஆயிடுச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வார்த்தையைக் கேட்ட நாள் முதலாக, வீட்டுக்குள் நிகழும் கொடுமையைப் பற்றி நான் வாசித்ததும் கேட்டதுமான அனைத்தையும் வேறு விதமாக யோசிக்கத் தலைப்பட்டிருக்கிறேன். சட்டம் போதவில்லை என்றும், விழிப்புணர்வு போதவில்லை என்றும் நாம் பிரசங்கம் செய்துகொண்டிருக்கிறோம். அவள் விஷயத்தில் சட்டமும் இருந்தது, விழிப்பும் இருந்தது. அந்த ஆறு வாசல்களில் எதுவும் மற்றொன்றோடு பேசிக்கொள்ளவில்லை என்பதே அவளுடைய துன்பம். ஒவ்வோர் அலுவலகமும் தன் பங்குக்கு ஒரு காகிதத்தைக் கொடுத்து அடுத்த இடத்துக்கு அனுப்பிவிட்டது. அந்த அலுவலகங்களை இணைக்க வேண்டிய வேலை, உடம்பில் காயத்தோடும் பக்கத்தில் பிள்ளையோடும் நின்ற அவள் தலையிலேயே விழுந்தது.

இவ்விதம் நேரக் கூடாது என்பதற்காகவே ஒரு சட்டம் இயற்றப்பட்டது என்பதை நினைத்தால்தான் மனம் அதிகமாக வேதனைப்படுகிறது. 1961 ஆம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டமும், 1983 இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 498-ஏ என்று சேர்க்கப்பட்டு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 ஆம் பிரிவுகளாக இருந்துவரும் விதியும் குற்றவாளியைத் தண்டிப்பதை நோக்கமாகக் கொண்டவை. அவன் சிறைக்குப் போனால் இவள் எங்கே போவாள் என்ற கேள்விக்கு அவற்றில் பதில் கிடையாது. 2005 இல் பார்லிமெண்டில் நிறைவேறி 2006 அக்டோபர் 26 முதல் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமோ, இன்றிரவு இவள் எங்கே படுப்பாள், நாளைக்குப் பிள்ளைக்கு யார் சோறு போடுவார், அவன் மறுபடியும் வாசலில் வந்து நின்றால் யார் தடுப்பார் என்ற கேள்விகளிலிருந்து தன் விசாரத்தைத் தொடங்குகிறது. மனைவிக்கு மாத்திரமன்றி, வீட்டிலுள்ள தாய்க்கும் சகோதரிக்கும் விதவையான நாத்தனாருக்கும், தாலி கட்டாமல் கூடி வாழ்ந்தவளுக்கும்கூட அது பாதுகாப்பளிக்கிறது. கைநீட்டுவதை மாத்திரமன்றி, வார்த்தையால் வதைப்பதையும், செலவுக்குப் பணம் தராமல் பட்டினி போடுவதையும், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதையும் வன்முறை என்றே அது பெயரிட்டழைக்கிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்று 17 ஆம் பிரிவில் கூறுகிறது. மனு கொடுத்தால், சாதாரணமாக மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணைக்குத் தேதி குறிக்க வேண்டும். அதிலிருந்து அறுபது நாட்களுக்குள் முடித்துவைக்க மாஜிஸ்டிரேட் முயல வேண்டும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமாக, அந்தச் சட்டம் பாதுகாப்பு அதிகாரி என்று ஒரு புதிய உத்தியோகத்தையே சிருஷ்டித்தது. சட்டத்தையும் அதன் கீழ் 2006 இல் வகுக்கப்பட்ட விதிகளையும் சேர்த்து வாசிக்கும் ஒருவருக்கு, அந்த அதிகாரி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து மனு வாங்குகிறவர் என்று தோன்றவே தோன்றாது. நடந்ததை அவள் வாய்மொழியாகக் கேட்டு, குடும்பச் சம்பவ அறிக்கை என்னும் முதலாவது படிவத்தில் எழுதி மாஜிஸ்டிரேட்டுக்கு அனுப்ப வேண்டியவர் அவர். காயம் இருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டவும், தங்க இடமில்லையென்றால் இல்லத்தில் சேர்க்கவும், வக்கீலுக்கு வழியில்லையென்றால் இலவசச் சட்ட உதவி பெற்றுத் தரவும், தீர்ப்பான ஜீவனாம்சப் பணம் உண்மையில் அவள் கைக்கு வருகிறதா என்று பார்க்கவும் கடமைப்பட்டவர் அவர். ஐந்தாவது படிவம் என்று ஒன்று இருக்கிறது. அவளோடு உட்கார்ந்து பேசி, அடுத்த முறை அவன் கை ஓங்கினால் எந்த வழியாக வெளியேறுவது, யாருக்குச் செய்தி சொல்வது, பிள்ளைகளை யார் வீட்டில் விடுவது என்றெல்லாம் யோசித்து எழுதவேண்டிய பாதுகாப்புத் திட்டம் அது. நம் நாட்டு விதிப் புத்தகங்களில் இத்தனை பரிவோடு தயாரிக்கப்பட்ட ஒரு படிவத்தை நான் கண்டதில்லை. அந்தப் பெண்ணிடம் ஐந்தாவது படிவத்தைப் பற்றிக் கேட்டேன்; அவளுக்கு முதலாவது படிவமே எழுதப்பட்டிருக்கவில்லை. சமூக நல அலுவலகமாகிய நான்காவது வாசலுக்கு அவள் போன தினத்தில் அதிகாரி வேறொரு பொறுப்பையும் சேர்த்துப் பார்ப்பவராதலால் வெளியூர் போயிருந்தார். வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். சட்ட உதவி மையத்து வக்கீல் கோர்ட்டில் மனுப் போட்டார். அதிகாரியின் அறிக்கை வரட்டும் என்று வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக எட்டு மாதம் கடந்திருந்தது. அந்த அறிக்கை இல்லாமலேயே மாஜிஸ்டிரேட் உத்தரவு பிறப்பிக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2022 இல் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது என்பதை அவளுக்கு யார் சொல்வது?

அந்த அதிகாரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2022 ஜூலை முதல் தேதிக் கணக்குப்படி இந்தச் சட்டத்தின் கீழ் 4 இலட்சத்து 71 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் தேசம் முழுவதும் நிலுவையில் இருந்தன. பல ஜில்லாக்களில் ஜில்லாவுக்கு ஒரே ஓர் அதிகாரி என்ற நிலைமையைக் கண்டு, ஒருவர் தலையில் ஐந்நூறு அறுநூறு வழக்குகள் விழுமே என்று சுப்ரீம் கோர்ட்டே 2023 இல் கவலை தெரிவித்தது. ஐந்நூறு வீடுகளின் துக்கத்தை ஒரு மனிதர், அதுவும் வண்டி வசதியோ உதவிக்கு ஓர் எழுத்தரோ இல்லாத ஒருவர், எப்படிச் சுமப்பார்? 2025 மே மாதத்தில் அதே கோர்ட்டு, தாலுகா மட்டத்திலும் பாதுகாப்பு அதிகாரிகளைக் குறிப்பிட்டு நியமிக்கும்படி மாநில சர்க்கார்களுக்கு உத்தரவிட்டது சந்தோஷமான விஷயந்தான். ஆயினும், சத்துணவையும் அங்கன்வாடியையும் மேற்பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருடைய பெயருக்குப் பின்னால் இன்னொரு பதவிப் பெயரைச் சேர்த்து எழுதிவிட்டு உத்தரவை நிறைவேற்றிவிட்டதாகக் கணக்குக் காட்டும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. தாலுகாவுக்கு ஒருவர், இந்த வேலையைத் தவிர வேறு வேலை இல்லாதவர், சமூகப் பணியில் பயிற்சி பெற்றவர், இரவில் கூப்பிட்டால் வண்டியெடுத்துக்கொண்டு வரக்கூடியவர் வேண்டும். இதற்குக் குறைந்த எதையும் நியமனம் என்று ஏற்றுக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

மகளிர் காவல் நிலையங்களைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். 1992 இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதலாவது அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டதும், பிறகு தமிழ்நாடெங்கும் அவை பெருகியதும் பெண்களுக்குப் பெரிய உபகாரம் என்பதில் ஐயமில்லை. ஆண் காவலர்கள் நிறைந்த ஸ்டேஷன் படியில் கால் வைக்கவே அஞ்சிய எத்தனையோ பேர் அங்கே போய் வாய் திறந்திருக்கிறார்கள். ஆனால், அங்கே நடப்பதில் பெரும்பகுதி சமரசம். கணவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை அதட்டி, மனைவிக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லி, அனுசரித்துப் போகும்படி எழுதி வாங்கி அனுப்புவது காவலர்களின் நல்லெண்ணத்தினால் விளைவதுதான். மூன்று பிள்ளைகளோடு இவள் தெருவில் நிற்கப் போகிறாளே என்ற பரிதாபம் அதில் உண்டு. அந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டு வீடு திரும்பிய ராத்திரி என்ன நடந்தது என்று மறுநாள் காலையில் போய்ப் பார்த்துவர யாருமில்லை என்பதே குறை. ஸ்டேஷன் வாசல் ஏறினாள் என்ற ஆத்திரமும் சேர்ந்துகொள்ள, முன்னிலும் அதிகமாக அடிபட்டவர்கள் உண்டு. நான் கண்ட பெண் அவர்களில் ஒருத்தி. பம்பாயில் டாட்டா சமூக விஞ்ஞானக் கழகத்தார் 1984 லேயே போலீஸ் அலுவலகத்துக்குள் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளரை உட்காரவைத்து, புகார் கொடுக்க வந்தவளோடு காவலரும் பணியாளரும் சேர்ந்து பேசும் தனிப் பிரிவொன்றைத் தொடங்கினார்கள். பிற்பாடு மகாராஷ்டிர சர்க்காரே அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. நம்முடைய மகளிர் காவல் நிலையம் ஒவ்வொன்றிலும் அப்படி ஒருவர் இருப்பாரானால், சமரசம் செய்யவேண்டிய வழக்கு எது, செய்யவே கூடாத வழக்கு எது என்று பகுத்தறிய வசதி ஏற்படும்.

இதுவரை சொன்னது வாசல் ஏறியவர்களைப் பற்றி. ஏறாதவர்கள் அவர்களைவிடப் பன்மடங்கு அதிகம். 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் உள்ள மணமான ஸ்திரீகளில் நூற்றுக்கு 38 பேர் கணவன் கையால் கொடுமையை அனுபவித்திருக்கிறார்கள். தேசம் முழுவதற்குமான விகிதம் 29. கல்வியிலும் வைத்தியத்திலும் முன்னணியில் நிற்பதாக நியாயமாகவே பெருமைப்படும் ராஜ்யம், இந்தக் கணக்கில் தேசத்தின் சராசரியைத் தாண்டி நிற்கிறது. அதே கணக்கெடுப்பு வேறொன்றையும் சொல்கிறது. வன்முறைக்கு ஆளான பெண்களில் தேசமெங்கும் உதவி தேடியவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். 77 பேர் யாரிடமும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தாயிடம்கூடச் சொல்லாத துக்கத்தை ஒரு ஸ்திரீ எந்த அலுவலகத்தில் போய்ச் சொல்வாள்?

ஆனால், சொல்லாமலே அவள் போகிற ஓர் இடம் இருக்கிறது. கை முறிந்தாலும் நெற்றி பிளந்தாலும் சர்க்கார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு வந்தே தீருகிறாள். அங்கே விபத்துப் பதிவேடு ஒன்று உண்டு. "குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறார்", "மாடிப்படியில் தவறியதாகச் சொல்கிறார்", "ஸ்டவ் வெடித்ததாகச் சொல்கிறார்" என்று அதில் எழுதிக்கொண்டே போகிறார்கள். எழுதுகிற டாக்டருக்கும் தெரியும், மருந்து கட்டுகிற நர்ஸுக்கும் தெரியும். கூட வந்திருக்கிற மாமியாரோ கணவனோ பக்கத்தில் நிற்பதால் அவள் அதைத்தான் சொல்ல முடியும் என்பதும் தெரியும். 2000 ஆம் வருஷத்தையொட்டி, பம்பாய் பாந்த்ராவிலுள்ள பாபா ஆஸ்பத்திரியில், நகரசபையும் செஹாட் என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனமும் சேர்ந்து திலாஸா என்ற பெயரில் ஓர் ஏற்பாட்டைச் செய்தன. திலாஸா என்றால் தேறுதல் என்று பொருள். கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தனியறையில் அவளிடம் கேட்பதற்கு நர்ஸுகளுக்கும் டாக்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அவள் சொல்லிவிட்டால் அதே கட்டடத்திலேயே ஆலோசகரிடம் அழைத்துப் போனார்கள். போலீஸுக்குப் போகும்படி அவளை நிர்ப்பந்திக்கவில்லை. ஆனால் சொன்னதைப் பதிவேட்டில் உள்ளபடி எழுதினார்கள், பின்னால் கோர்ட்டில் அதுவே சாட்சியாக நிற்கும். செலவென்று பார்த்தால் ஒரு சிறிய அறையும், இரண்டு உத்தியோகமும், சில நாள் பயிற்சியும். சென்னையில் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவில் பி.சி.வி.சி. என்னும் தொண்டு ஸ்தாபனத்தார், வெந்துபோன உடம்போடு கிடக்கும் பெண்களின் படுக்கையருகிலேயே உட்கார்ந்து இத்தகைய பணியைச் செய்து வந்திருக்கிறார்கள். தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் இதைக் கொண்டுசேர்ப்பது சர்க்காரால் மாத்திரமே ஆகக்கூடிய காரியம்.

2015 முதல் சகி என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் ஜில்லாதோறும் வந்திருக்கின்றன. போலீஸ் உதவி, வைத்தியம், சட்ட ஆலோசனை, சில நாள் தங்குமிடம் யாவும் ஒரே கூரையின் கீழ் என்பது அவற்றின் லட்சியம். 181 என்ற எண்ணை அழைத்தால் வழி சொல்வார்கள். நான் கண்ட பெண்ணுக்கு இவ்விரண்டில் எதுவும் தெரியாது. புகார் வாங்கும் போலீஸ் அதிகாரியே இந்த உரிமைகளையெல்லாம் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று சட்டத்தின் 5 ஆம் பிரிவு விதித்திருந்தும், ஆறு வாசல்களில் ஒருவரும் சொல்லவில்லை. ஒரே கூரை இருந்தால் போதாது. ஒரே கோப்பும் இருக்க வேண்டும். பிரிட்டனில் கார்டிஃப் நகரில் 2003 முதல், உயிருக்கு ஆபத்து என்று கருதத்தக்க வழக்குகளைப் பற்றிப் போலீஸாரும் ஆஸ்பத்திரியாரும் வீட்டுவசதித் துறையாரும் குழந்தை நல உத்தியோகஸ்தர்களும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, அவரவருக்குத் தெரிந்ததைச் சொல்லி, அவரவர் செய்யவேண்டியதை எழுதிக்கொண்டு எழுந்துபோகும் வழக்கம் ஏற்பட்டது. பிறகு அது அந்நாடு முழுவதும் பரவிற்று. நம் ஜில்லா கலெக்டர்கள் சாலை விபத்துக்கும் டெங்கு காய்ச்சலுக்கும் கூட்டம் போடுகிறார்கள். மாதத்துக்கொரு முறை இதற்கும் ஒன்று போட்டு, சென்ற மாதம் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தவள் யார், மூன்று தடவையும் எந்த ஸ்டேஷன் அவளைத் திருப்பி அனுப்பிற்று என்று கேட்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது எனக்குச் சற்று நா தழுதழுக்கிறது. கதவுக்குப் பின்னால் நின்று அம்மா அடிபடும் சத்தத்தைக் கேட்டு வளர்கிற குழந்தை, தன் உடம்பில் ஒரு கீறலும் இல்லாவிட்டாலும் அந்தக் கொடுமைக்கு ஆளானதுதான் என்று பிரிட்டனில் 2021 ஆம் வருஷத்துச் சட்டம் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம்மிடம் குழந்தைகளைத் தாயின் பொறுப்பில் விடும்படி உத்தரவிட 21 ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் அந்தக் குழந்தையோடு பேசுவதற்கென்று யாருமில்லை. புகலிட இல்லங்களில் குறிப்பிட்ட வயதைத் தாண்டிய ஆண் பிள்ளையைத் தாயோடு தங்கவைக்க விதி இடம் தராது. அவனை வேறோர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும். அடிக்குப் பயந்து ஓடிவந்தவளிடம், மகனை விட்டுவிட்டு உள்ளே வா என்று சொன்னால், அவள் அடிபட்ட வீட்டுக்கே திரும்பிவிடுவாள். தாயும் வளர்ந்த மகனும் சேர்ந்து தங்கக்கூடிய தனி அறைகள் சிலவற்றையாவது ஒவ்வோர் இல்லத்திலும் கட்ட வேண்டும். நான் கண்ட பெண் இல்லத்துக்குப் போகாமல் அம்மா வீட்டுக்குப் போனதற்கு, மகனைப் பிரிய நேருமே என்ற பயமே காரணம்.

அந்த அம்மா வீட்டின் நிலைமை என்ன? நம் நாட்டில் அடிபட்ட பெண்களுக்கு மெய்யான புகலிடம் பிறந்த வீடுதான். அந்த வீட்டுக்கு ஒரு காசு உதவி எந்தத் திட்டத்திலும் இல்லை. வயதான தாய், கூலிக்குப் போகும் தம்பி, ஒண்டுக் குடித்தனம். வாழாவெட்டியாக வந்துவிட்டாள் என்று அண்டை அயலார் பேசும் பேச்சு. குடித்துவிட்டு ராத்திரியில் வந்து வாசலில் கத்தும் மருமகன். குடும்ப அட்டையில் இவள் பெயரும் பிள்ளையின் பெயரும் கணவன் வீட்டில் இருப்பதால் அரிசி இங்கே வராது. பையனைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்க, பழைய பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போனால் தகப்பன் கையெழுத்து எங்கே என்கிறார்கள். பாதுகாப்பு அதிகாரியின் ஒரு கடிதத்தினால் தாலுகா வழங்கல் அலுவலகத்திலும் பள்ளியிலும் இவை ஒரே வாரத்தில் முடிந்துவிட வேண்டும். ஊர்ப் போலீஸார் அந்த வீட்டு வழியாக இரவில் ஒரு தடவை ரோந்து வரவேண்டும்.

கைக்குழந்தையோடு வந்தவளுக்குச் சேவை மையத்தில் ஐந்து நாள் இடம் கொடுத்துவிட்டு ஆறாம் நாள் என்ன செய்வது என்ற கேள்விக்கு, இதே சென்னையில் நூறு வருஷங்களுக்கு முன்பே ஒருவர் வழிகாட்டியிருக்கிறார். சகோதரி சுப்புலட்சுமி அம்மாள் கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் பால்ய விதவைகளுக்கு விடுதி நடத்தியபோது, அவர்களுக்குச் சோறும் பாயும் கொடுத்ததோடு நின்றுவிடவில்லை. படிக்கவைத்தார், உபாத்தியாயினிகளாகப் பயிற்சி பெறச் செய்தார், சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தர்களாக வெளியே அனுப்பினார். நம் இல்லங்களில் இன்றைக்கும் தையலும் ஊதுவத்தி உருட்டுவதும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அதில் ஒரு குடும்பம் பிழைக்க முடியாது.

பொய்ப் புகார் வருமே, குடும்பங்கள் பிரிந்துவிடுமே என்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அறிக்கை எழுதவும் விசாரிக்கவும் ஆள் இருந்தால் பொய் சீக்கிரமே வெளிப்படும். ஆள் இல்லாததால்தான் உண்மையும் பொய்யும் ஒரே வாய்தாவில் காத்துக் கிடக்கின்றன. வீட்டை விட்டு வெளியேற வேண்டியவர் எப்போதும் மனைவியாகவே இருக்க வேண்டியதில்லை என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். கணவனை வெளியேற்றினால்தான் வீட்டில் அமைதி நிலவும் என்ற நிலை இருந்தால், அவனுக்கு வேறு இடம் உண்டா இல்லையா என்று பாராமல் அப்படியே உத்தரவிடலாம் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2022 இல் சொல்லியிருக்கிறது.

அன்று மத்தியானம் அவளுடைய மனுவுக்கு எண் போட்டு ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்படுகிறது என்று அதில் அச்சிட்டிருந்தது. துறையின் பெயரைப் பார்த்தேன், அவள் முன்பே ஏறிய நான்காவது வாசல். அதே வளாகத்தில்தான் இருந்தது என்பதால் நானும் கூடப் போனேன். பாதுகாப்பு அதிகாரி ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அங்கிருந்த எழுத்தர் நல்லவர். பையனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு புதிதாக ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "என்னம்மா நடந்துச்சு? மொதல்லேருந்து சொல்லு" என்றார்.